படிப்பை பாதியில் விடப்போவது யார்? முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும் கம்ப்யூட்டர்!

காலேஜில் சேர்ந்த பையன் பாதியில் நின்னுடுவானா என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்கிறது அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள ஜார்ஜியா மாநில பல்கலைக்கழகம்.

பழைய மாணவர்களின் 10 வருட மார்க்குகளை அலசி, எந்த பாடத்தில் சறுக்கினால் ஆபத்து என்று அங்கே கணக்கு போட்டார்கள். 2012-ம் ஆண்டு முதல் 800-க்கும் மேற்பட்ட அறிகுறிகளை கம்ப்யூட்டர் தினமும் கவனிக்கிறது. முக்கிய பாடத்தில் மார்க் குறைந்தால் உடனே ஆலோசகருக்கு தகவல் போகும். அவர் மாணவரை கூப்பிட்டு பேசுவார். சின்ன பீஸ் பாக்கிக்காக வெளியேற இருந்தவர்களுக்கு பல்கலைக்கழகமே பணம் கொடுத்தது.

2003-ல் 100-க்கு 32 பேர்தான் 6 ஆண்டுக்குள் பட்டம் வாங்கினார்கள். பின்னர் அது 50-ஐ தாண்டியது.

ஆனால் இதே கணக்கு எமனாகவும் மாறலாம். மேரிலாந்தில் உள்ள மவுண்ட் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்தில், புது மாணவர்களிடம் சர்வே எடுத்து, தேறமாட்டார்கள் என்று தெரிபவர்களை ஆரம்பத்திலேயே அனுப்பிவிட திட்டம் போட்டதாக 2016-ல் சர்ச்சை வெடித்தது. பல்கலைக்கழக தலைவர் பதவி விலக நேர்ந்தது.

கம்ப்யூட்டர் பெயரை மட்டும்தான் சொல்லும். அந்த பையனை கைதூக்கி விடுவதா, கழுத்தை பிடித்து தள்ளுவதா என்பது நிர்வாகத்தின் கையில்தான் இருக்கிறது.