பழைய தொட்டியில் கடல்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு நண்பர் சென்ற ஆண்டு புனேவுக்கு மாற்றலாகிப் புறப்பட்டார். "சார், உங்களுக்கு மீன்னா உயிராச்சே, இதையெல்லாம் நீங்களே எடுத்துக்கோங்க" என்று மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார். மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, இரண்டு பம்புகள், ஒரு ஹீட்டர், குழல்விளக்கு பொருத்திய மூடி, நீரைக் குளிர்விக்கும் சில்லர், கூடை நிறையப் பாறைகள். முன்பு பவளத்தொட்டி வைத்திருந்து, வேலைப்பளுவில் விட்டுவிட்டவர் அவர்.

இலவசமாக வருகிறதே என்று என் மனம் துள்ளியது. ஆனால் பழைய அனுபவம் ஒன்று தடுத்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் என் நன்னீர்த் தொட்டியில் யாரோ பயன்படுத்திய பம்பு ஒன்றைப் போட்டிருந்தேன். ஒருநாள் நீரில் கைவிட்ட மகள் "அப்பா, சுருக்குங்குது" என்றாள். பம்பின் ஒயரில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. உப்புநீர் நன்னீரைவிடப் பல மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே இம்முறை ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே சோதித்துத்தான் முடிவெடுப்பது என்று தீர்மானித்தேன்.

முதலில் கண்ணாடி. 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் ஏறத்தாழ 190 லிட்டர். நீர் மட்டுமே 190 கிலோ. கண்ணாடி நெடுங்காலம் தாங்கும். அதை ஒட்டிய சிலிக்கோன் அப்படியல்ல. நிழலான, சமதளமான இடத்தில் வைத்து ஒரு வாரம் நீர் நிரப்பி வைத்தேன். மூன்றாம் நாள் கீழ்மூலை ஒன்று ஈரமாக இருந்தது. உட்புறச் சிலிக்கோனை பிளேடால் முழுவதும் சுரண்டிவிட்டு, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கோனைப் புதிதாக இட்டேன். பழைய சிலிக்கோன் மேல் புதியது சரியாக ஒட்டாது என்பதால் மேலோட்டமாகப் பூசிப் பயனில்லை. மறுசோதனையில் கசிவு இல்லை. தொட்டியை வைத்துக்கொண்டேன்.

பம்புகளை வினிகரில் ஊறவைத்தேன். சுண்ணாம்புப் படிவு குமிழியிட்டுக் கரைந்ததைப் பார்த்த என் மகள், அமிலம், காரம் பாடத்தை நினைவுபடுத்தினாள். ஒன்றில் காந்தத்தின் மேலுறை வெடித்து உள்ளே துருவேறியிருந்தது. இன்னொன்று ஓடியது, ஆனால் ஒயர் விறைத்துப் போயிருந்தது. இரண்டையும் ஒதுக்கிவிட்டேன். சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் இது. புதிய பம்பை 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வழியாகத்தான் இணைத்தேன். ஹீட்டர் நம் வெயிலுக்குத் தேவையே இல்லை. பழைய குழல்விளக்குகளில் பாதரசம் உண்டு. குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்குவோரிடம் கொடுத்தேன்.

பாறைகளில்தான் உண்மையான சிக்கல். "வெள்ளைப்புள்ளி நோய் வந்தப்போ நீல மருந்து ஊத்தினேன் சார்" என்று நண்பர் பேச்சுவாக்கில் சொன்னார். நீல மருந்து என்றால் தாமிர சல்பேட்டாக இருக்கலாம். மீன்களின் ஒட்டுண்ணியைக் கொல்ல லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் தாமிரம் போதும். அதே அளவு பவளம், கடற்சாமந்தி, இறால், நத்தை ஆகியவற்றையும் கொன்றுவிடும். இறாலின் குருதியில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோசயனினிலும் தாமிரம்தான் இருக்கிறது என்பது விந்தை. நுண்துளைப் பாறை தாமிரத்தை உள்ளிழுத்து, பிறகு மெல்ல மெல்ல வெளிவிடும். இரண்டு பாறைகளை உப்புநீரில் பத்து நாள் ஊறவைத்து, கொளத்தூர் வண்ணமீன் கடையில் வாங்கிய தாமிரச் சோதனைப் பெட்டியால் பார்த்தேன். நிறம் மாறியது. கழுவினால் போய்விடாதா என்று மனைவி கேட்டார். மேற்பரப்பில் இருப்பது போகும். உள்ளே இருப்பது போகாது.

கூடையின் அடியில் இன்னொன்றும் இருந்தது: மூளை போன்ற வரிகளுடன் வெள்ளைவெளேரென்று நாலைந்து பவளத் துண்டுகள். கடினப் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் உள்ளன. உயிருள்ளது மட்டுமல்ல, இறந்த துண்டும் அப்படித்தான். அவற்றை வனத்துறையிடம் ஒப்படைக்கும்படி நண்பரிடம் சொன்னேன். நம் பள்ளி ஆய்வக அலமாரிகளிலும் யாரோ இராமேசுவரத்திலிருந்து எப்போதோ கொண்டுவந்த துண்டுகள் இருக்கக்கூடும். ஒருமுறை திறந்து பாருங்கள்.

ஆக, பவளத்தொட்டி என்ற ஆசையை விட்டுவிட்டு, மீன் மட்டும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியாக அமைத்தேன். பாறைக்குப் பதில் புதிய பீங்கான் துண்டுகள். பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடி. மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் வள ஆராய்ச்சி நிறுவன மையம் இவ்வகைக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உற்பத்தி செய்திருக்கிறது. பவளப்பாறையில் வலைவீசிப் பிடித்த மீனை வாங்கத் தேவையில்லை.

சில்லர் மட்டும் இன்னும் மாடியிலேயே கிடக்கிறது. அதன் உட்குழாய் டைட்டானியமா தாமிரமா என்று சொல்லும் பட்டை அழிந்துவிட்டது. தாமிரமாக இருந்தால் உப்புநீர் அதை அரித்துவிடும். திருவள்ளூர் மாவட்டத்துக் கோடைக்கு ஏதாவது செய்துதானே ஆக வேண்டும்? நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி வைத்திருக்கிறேன். ஆவியாதலால் இரண்டு, மூன்று டிகிரி குறைகிறது. ஆவியாகிக் குறையும் நீரைத் தினமும் உப்புநீரால் அல்ல, ஆர்.ஓ. நன்னீரால் நிரப்புகிறேன். ஏன் என்று எட்டாம் வகுப்பில் கேட்டேன். மூன்றாம் வரிசையிலிருந்து பதில் வந்தது: "எங்க மாமா அத்திப்பட்டு உப்பளத்துல வேலை செய்யுறாரு சார். வெயில்ல தண்ணிதான் போகும், உப்பு அங்கேயேதான் இருக்கும்."