கிரைண்டர்

கிரைண்டர் என்பது ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் மாவாக அரைக்கும் மின்கருவி ஆகும். 1950களில் கோயம்புத்தூரில் உருவானது. "கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்" புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

ஆட்டுக்கல்லில் கல் அசையாது. குழவியைக் கையால் சுற்ற வேண்டும். கிரைண்டரில் கல் பதித்த பாத்திரம் சுழல்கிறது, குழவி நின்ற இடத்திலேயே உருள்கிறது. மிக்சியைவிட மெதுவாகச் சுற்றுவதால் மாவு அதிகம் சூடாவதில்லை; உளுந்து நன்றாகப் பொங்கி வரும்.

குடவாசல் போன்ற டெல்டா ஊர்களில் நடவு நாட்களில் பெண்கள் காலையிலேயே வயலுக்குப் போய்விடுவர். அதற்குள் சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். வீட்டில் மாவு இருந்தால் பாதி வேலை முடிந்தது போல. ஆட்டுக்கல் காலத்தில் அந்த மாவுக்காக, வயலிலிருந்து திரும்பிய தாய் மாலையில் மீண்டும் கல்லடியில் உட்கார வேண்டியிருந்தது. 2011-இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மின்விசிறி, மிக்சி, கிரைண்டர் வழங்கத் தொடங்கியது. அதை ஏளனம் செய்தவர்கள் மாவாட்டிப் பழகியவர்களாக இருக்க முடியாது!

நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போதும். சிறிது வெந்தயமும் சேர்க்கலாம். உளுந்தை முதலில், குளிர்ந்த நீரைத் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும். பிறகு அரிசி. உப்பிட்டுக் கையால் கலந்து, பாத்திரத்தில் பாதியளவே ஊற்றி இரவு முழுதும் வைக்கவும். பொங்கியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாட்கள் வரும்: முதலில் இட்லி, புளித்த பின் தோசை. கிரைண்டரை உடனே கழுவிவிடுங்கள். மாவு காய்ந்துவிட்டால் தேய்ப்பதே தனி வேலை.