இலண்டனில் நகர்ந்த எல்லைக்கோடு

பெருநகரின் நடுப்பகுதிக்குள் கார் ஓட்டிச் செல்வோரிடம் கட்டணம் வாங்கும் வழக்கத்தை 1975ஆம் ஆண்டு சிங்கப்பூர் தொடங்கிற்று. 2003 பிப்ரவரி 17 அன்று இலண்டன் மாநகரும் அவ்வழியைப் பின்பற்றியது. சாலை நெரிசலுக்கு இது தக்க மருந்தா என்று அன்று பலரும் வாதிட்டனர். அதனினும் கடினமான கேள்வி ஒன்று உண்டு. அதைப் பற்றியே இங்குச் சிந்திக்க விரும்புகிறோம். எந்தத் தெரு வரைக்கும் கட்டணம்?

இலண்டனில் சுங்கச்சாவடியோ தடுப்புக் கட்டையோ கிடையாது. சிவப்பு வட்டத்துள் வெள்ளை எழுத்துப் பொறித்த பலகைகள் எல்லையைக் காட்டும். காமிராக்கள் வண்டி எண்ணைப் படித்துக்கொள்ளும். தொடக்கத்தில் நாளொன்றுக்கு 5 பவுண்டு. 2005இல் அது 8 பவுண்டாயிற்று. யூஸ்டன் சாலை, பார்க் லேன், வாக்ஸால் பாலச் சாலை முதலியன சேர்ந்து நகரின் மையத்தைச் சுற்றி ஒரு வளையமாக அமைந்துள்ளன. அவ்வளையத்துள் அடங்கிய ஏறத்தாழ 21 சதுர கிலோமீட்டரே கட்டணப் பகுதி. வளையச் சாலையில் செல்வதற்குக் கட்டணமில்லை. உள்ளே நுழைய மனமில்லாதவர் சுற்றிக்கொண்டு போகலாம். எல்லையை இவ்வாறு அமைத்தது விவேகமான செயல் என்றே கூறவேண்டும்.

எல்லைக்குள் குடியிருப்போர் தம் வீட்டு வாயிலை அடையவும் பணம் கட்டுவதா? அவர்களுக்கு நூற்றுக்கு 90 பங்கு தள்ளுபடி அளித்தனர். சிக்கலின் வேர் இந்தச் சலுகையில்தான் இருந்தது.

மேயர் கென் லிவிங்ஸ்டன் 2007 பிப்ரவரி 19 அன்று எல்லையை மேற்கே நகர்த்தினார். கென்சிங்டனும் செல்சியும் உள்ளே வந்தன. கட்டணப் பகுதி ஏறத்தாழ இரு மடங்காயிற்று. பழைய எல்லையான பார்க் லேன் இப்போது விரிந்த பகுதியின் நடுவே வந்துவிட்டது. ஆயினும், இரு கரைகளுக்கிடையே ஓடும் ஆற்றைப் போல, வடக்குத் தெற்காக அதன் வழியே கடந்து செல்வோருக்குக் கட்டணமில்லாமலே விட்டிருந்தனர்.

இனி, அந்தச் சலுகை செய்த வேலையைப் பாருங்கள். கென்சிங்டன் நாட்டின் மிகச் செல்வம் மிக்க வட்டாரங்களுள் ஒன்று. அங்கே எளியோரும் வாழ்கின்றனர் என்பதை மறுக்கவில்லை. கார் வைத்திருந்த அவ்வூர்க் குடிமகன் நேற்றுவரை நகர மையத்துக்குச் செல்ல 8 பவுண்டு கட்டினான். எல்லை நகர்ந்தபின் அவனும் உள்ளூர்வாசி! நாளுக்கு 80 பென்ஸ் அளவில் செலுத்திவிட்டு மையம் முழுவதும் அவன் சுற்றி வரலாம். எல்லைக்குச் சற்று வெளியே குடியிருந்து, பழுதுபார்க்கும் கருவிகளுடன் வண்டியில் வந்த தொழிலாளியோ முழுத்தொகையையும் கட்டினார். நெரிசலைக் குறைப்பதற்கென்று போட்ட கோடு, ஒரு சாராரை வண்டியெடுக்கத் தூண்டும் கோடாகவும் ஆனது. பிராம்ப்டன் ஆரட்டரி என்னும் புகழ்பெற்ற கத்தோலிக்க ஆலயமும் புதிய எல்லைக்குள் வந்தது. ஞாயிறு அன்று கட்டணமில்லையாயினும், வாரநாளில் அடக்கச் சடங்குக்குக் காரில் வந்த வெளியூர் உறவினர் அதைச் செலுத்தத்தான் வேண்டியிருந்தது.

மறுபக்கத்தையும் சொல்லாவிடில் நீதியன்று. இலண்டன் மையத்துக்கு வேலைக்கு வருவோருள் மிகப் பெரும்பாலோர் இரயிலிலும் பேருந்திலும் வருபவர்களே. விடியுமுன் அலுவலகங்களைத் துடைக்கச் செல்லும் பெண்ணுக்குக் கார் ஏது? வாங்கிய கட்டணம் சட்டப்படி போக்குவரத்துக்கே செலவிடப்பட்டது. அதில் பெரும்பகுதி பேருந்துகளுக்குச் சென்றது. ஆகவே எல்லையை விரித்தது செல்வருக்காகவே என்று கூறுவது பாதி உண்மைதான். கட்டணத்தைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. கோட்டை நகர்த்தும்போது சலுகையையும் அதனோடு இழுத்துச் சென்றதே தவறு என்பது நம் கருத்து.

2008இல் மேயரான போரிஸ் ஜான்சன் மக்கள் கருத்தைக் கேட்டார். விடையளித்தோருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் மேற்குப் பகுதியை நீக்கவேண்டும் என்றனர். கட்டணம் கட்டியவர்கள் குரல் எழுப்பினார்கள். பேருந்தில் சென்றவர்கள் எத்தனை பேர் எழுதினார்களோ! 2010 கிறிஸ்துமஸ் வேளையில் கோடு மீண்டும் பழைய இடத்துக்கே திரும்பிற்று. ஆண்டுதோறும் 5 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட வருவாய் அதனால் குறையும் என்று மதிப்பிட்டிருந்தனர்.

2011 ஜனவரி 4 அன்று மையப் பகுதியின் கட்டணம் 10 பவுண்டாக உயர்ந்தது. மேற்கே தள்ளுபடி பெற்றுவந்தவர்களுள் பெரும்பாலோர், மையத்துக்குள் நுழைய அந்த 10 பவுண்டையும் அன்றுமுதல் முழுமையாகவே கட்டினார்கள்.