நடுத்தர வருவாய்ப் பிரிவினருக்கான அரசு வீட்டுவசதி உதவி

நடுத்தர வருவாய்ப் பிரிவினர் என்போர், ஏழைகளுக்கான இலவச அல்லது மானிய வீடு பெறத் தகுதியில்லாத, அதே வேளையில் சந்தை விலையில் வீடு வாங்கவும் இயலாத குடும்பத்தினர் ஆவர். இவர்களுக்கான அரசு உதவி பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது.

1. அரசே கட்டி விற்றல்

சென்னையில் 1947-இல் தொடங்கிய நகர மேம்பாட்டு அறக்கட்டளையின் தொடர்ச்சியாக, 1961-இல் இன்றைய தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் உருவானது. இது வருவாய்ப் பிரிவு வாரியாக வீடுகளையும் மனைகளையும் ஒதுக்கி, விலையைத் தவணையில் பெற்றது. சிங்கப்பூரில் 1960-இல் அமைந்த வீட்டுவசதி வாரியம் இம்முறையை மிகப் பெரிய அளவில் நடத்துகிறது.

2. வட்டி மானியம்

பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில் 2017-இல் நடுத்தரப் பிரிவினர் சேர்க்கப்பட்டனர். ஆண்டு வருமானம் 6 முதல் 12 இலட்சம் ரூபாய் வரை உள்ளோருக்கு முதல் 9 இலட்சம் கடனுக்கு 4 விழுக்காடும், 12 முதல் 18 இலட்சம் வரை உள்ளோருக்கு முதல் 12 இலட்சத்துக்கு 3 விழுக்காடும் மானியமாகக் கிடைத்தன. மானியம் மொத்தமாகக் கடன் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. எடுத்துக்காட்டாக, முதற்பிரிவில் 15 இலட்சம் கடன் பெற்றவருக்கு 2.35 இலட்சம் வரவானால், அசல் 12.65 இலட்சமாகக் குறையும். மாதத் தவணையும் குறையும். இப்பிரிவு 2021 மார்ச் 31 உடன் முடிந்தது.

2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் வருமான வரம்பு 9 இலட்சமாகக் குறைக்கப்பட்டது. வீட்டின் மதிப்பு 35 இலட்சத்துக்கும், கடன் 25 இலட்சத்துக்கும் மிகக் கூடாது. மானியம் அதிகபட்சம் 1.80 இலட்சம், ஐந்து ஆண்டுத் தவணைகளில் வரும். குடும்பத்தில் எவருக்கும் இந்தியாவில் எங்கும் உறுதியான வீடு இருக்கக் கூடாது.

3. வரிச் சலுகை

2019 ஏப்ரல் 1 முதல், கட்டுமானத்தில் உள்ள மலிவு விலை வீட்டுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 1 விழுக்காடு. பிற வீடுகளுக்கு 5 விழுக்காடு. மலிவு விலை வீடு என்பது 45 இலட்சத்துக்கு மிகாதது. பெருநகரங்களில் 60, பிற ஊர்களில் 90 சதுர மீட்டர் வரை உட்பரப்பு உடையது. 30 இலட்சம் ரூபாய் வீட்டில் இவ்வேறுபாடு 1.20 இலட்சமாகும். ஆயினும் சொந்த மனையில் கொத்தனாரை வைத்துக் கட்டுவோருக்கு இச்சலுகை இல்லை. சிமெண்டு, கம்பிக்கான வரியை அவர்கள் முழுமையாகவே செலுத்துகின்றனர்.

பிளவக்கல் வட்டாரத்தில்

நகர்ப்புறத் திட்டம் நகராட்சி, பேரூராட்சி எல்லைகளுக்கும் அறிவிக்கப்பட்ட திட்டப் பகுதிகளுக்கும் உரியது. எனவே இராசபாளையம், திருவில்லிபுத்தூர் நகராட்சிகளிலும் வத்திராயிருப்புப் பேரூராட்சியிலும் வீடு கட்டுவோர் விண்ணப்பிக்கலாம். பிளவக்கல் அணையைச் சுற்றிய பகுதியில் மனை கிராம ஊராட்சிக்குள் இருந்தால், அதே வருமானமுள்ள குடும்பத்துக்கும் இம்மானியம் கிடைக்காமல் போகலாம். ஊரகத்துக்குரிய மத்திய அரசுத் திட்டமும், 3.50 இலட்சம் ரூபாய் வழங்கும் கலைஞரின் கனவு இல்லம் திட்டமும் வீடற்றோருக்கும் குடிசைவாசிகளுக்கும் உரியவை.

மற்றொரு தடை வங்கிக் கடன். கடன் கிடைத்தால்தான் வட்டி மானியம் உண்டு. நூற்பாலைச் சம்பளச் சீட்டு உள்ளவருக்கு வங்கி எளிதில் கடன் தரும்; மாந்தோப்புக் குத்தகைதாரருக்கும் பால்கோவா வணிகருக்கும் வருமானத்தை மெய்ப்பிப்பதே கடினம். ஆகவே மனை வாங்கும் முன்பே அது எந்த உள்ளாட்சி எல்லையில் உள்ளது என்பதையும், வருமானச் சான்று, வரிக் கணக்கு ஆகியவற்றையும் சரிபார்த்துக்கொள்வது பயனளிக்கும்.