பையிலே ஒரு படிப்பகம்!

ஆங்கிலத் தாள் ஒன்றை நீட்டுகிறார் மேலாளர். "இங்கே கையெழுத்துப் போடு" என்கிறார். அதிலே எழுதியிருப்பது ஊதிய உயர்வா, ஊதிய வெட்டா? தெரியாது. கேட்கலாம் என்றால் கூச்சம். போட்டுவிடுகிறான் கையெழுத்தை, பாட்டாளித் தோழன்!

1965இலே இந்தித் திணிப்பை எதிர்த்து இளைஞர்கள் உயிரையே கொடுத்தார்கள். 1968 சனவரி 23ஆம் நாள், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, தமிழும் ஆங்கிலமும் போதும் என்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. தமிழ் நம் வாழ்வுக்கு; ஆங்கிலம் வெளியுலகத் தொடர்புக்கு. நாம் கேட்கிறோம்: அந்த ஆங்கிலம் மாடி வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்தானா? ஆலைத் தோழனுக்கு இல்லையா?

"வகுப்புக்குப் போகக் காசு ஏது? காலம் ஏது?" என்பீர்கள். உண்மை. ஆனால் சட்டைப் பையிலே கைப்பேசி இருக்கிறதே! அதிலே வாட்ஸ்அப் இருக்கிறதே! காலையிலே வணக்கப் படம் அனுப்பவும், மாலையிலே வதந்தி பரப்பவும்தானா அது?

பத்துத் தோழர்கள் சேர்ந்து குழு ஒன்று அமையுங்கள். கல்லூரியிலே படிக்கும் தம்பியோ தங்கையோ ஆசிரியராக இருக்கட்டும். நாளுக்கு ஒரே வாக்கியம், குரல் செய்தியாக! நேரிலே பேசினால் நாக்குத் தடுமாறும். இங்கே பேசிப் பதிவு செய்து, நாமே கேட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் அழித்து, மறுபடி பேசி அனுப்பலாம். திருத்தி வரும் பதிலைப் பேருந்திலே பத்து முறை கேட்கலாம். ஞாயிறுதோறும், அறிவிப்புப் பலகையிலுள்ள ஆங்கில அறிவிப்பைப் படமெடுத்துப் போட்டு, வரிவரியாகப் பொருள் காணுங்கள்.

ஒரு தோழர், 'ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்' என்பார். 'பத்து ஆண்டாக வேலை செய்கிறேன்' என்ற தமிழை அப்படியே ஆங்கிலமாக்கியதால் வந்த பிழை. 'ஐ ஹாவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்று திருத்தம் வரும். பிழை குற்றமல்ல தோழர்களே, படிக்கட்டு! பிழை கண்டு சிரிப்பவருக்குத்தான் குழுவிலே இடமில்லை.

அன்று முடிதிருத்தகத்திலே, தேநீர்க் கடையிலே, படிப்பகத்திலே ஒருவர் ஏடு படிக்க, சுற்றியிருந்தோர் கேட்க, வளர்ந்தது நம் இயக்கம். அந்தப் படிப்பகம்தான் இன்று பைக்குள்ளே வந்திருக்கிறது.

ஆங்கிலம் பேசுகிறவன் உயர்ந்தவன் என்று நாம் சொல்லவில்லை. தமிழ் நமக்கு உயிர், ஆங்கிலம் கருவி. அந்தக் கருவி முதலாளி கையிலே மட்டும் இருக்கலாமா?

நாளை மீண்டும் தாள் நீட்டப்படும். "படித்துப் பார்த்துவிட்டுப் போடுகிறேன், அய்யா" என்று நிமிர்ந்து சொல்லவேண்டும், அதையும் ஆங்கிலத்திலேயே! இன்றிரவே தொடங்குங்கள்!