கேப் டவுனுக்கு, சர்ச்கேட் வழியாக

சொந்தக் காரில் ஆப்பிரிக்கா சுற்ற ஆசைப்படும் மும்பைக்காரரை மிரட்டுவது சிங்கம் அல்ல, ஒரு சின்னப் புத்தகம்

செம்பூரிலிருந்து கேப் டவுனுக்குக் காரில் போக முதலில் எங்கே போக வேண்டும்? பெரும்பாலோர் உலக வரைபடத்தை விரித்து கெய்ரோவில் விரலை வைப்பார்கள். சரியான விடை சர்ச்கேட். அங்கே வீர் நரிமன் சாலையில் இருக்கிறது மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம். 1919-ல் தொடங்கியது. ‘கார்னே’ கிடைப்பது இங்கேதான். அது இல்லாவிட்டால் சில நாடுகளின் எல்லையில் காரை நிறுத்திவிட்டு ஆள் மட்டும் உள்ளே போக வேண்டியதுதான்.

கார்னே என்பது காருக்கான பாஸ்போர்ட். ‘இந்த வண்டியை உங்கள் நாட்டில் விற்க மாட்டோம், திரும்பக் கொண்டுபோய்விடுவோம்’ என்று சங்கம் வெளிநாட்டுச் சுங்கத் துறைக்குத் தரும் உத்தரவாதம். ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. உள்ளே நுழையும்போது ஒன்றைக் கிழித்துக்கொள்வார்கள், வெளியேறும்போது இன்னொன்றை. இரண்டு முத்திரையும் விழுந்த அடித்துண்டு புத்தகத்திலேயே நிற்கும். ஓர் ஆண்டுவரை செல்லும்.

சிக்கல் பணத்தில் இருக்கிறது. சங்கம் சும்மா உத்தரவாதம் தராது. காரின் மதிப்பையும் போகும் நாடுகளையும் பார்த்து வங்கி உத்தரவாதம் கேட்கும். எகிப்து போன்ற நாட்டைப் பட்டியலில் சேர்த்தால் தொகை எகிறிவிடும். செம்பூரில் ஒரு நடுத்தரக் குடும்பம் கிளம்புவதாக வைத்துக்கொண்டால், மகள் கல்யாணத்துக்கென்று போட்டுவைத்த வைப்பு நிதிதான் வங்கியில் அடகாகும். வழியில் ஏதோ ஒரு சோதனைச் சாவடியில், நள்ளிரவில், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் அதிகாரி வெளியேறும் முத்திரையைக் குத்த மறந்தால் போதும். கார் அந்த நாட்டிலேயே விற்கப்பட்டதாக அரசு கருதும். சுங்க வரிக் கோரிக்கை சங்கத்துக்கு வரும். சங்கம் வங்கியின் கதவைத் தட்டும். பஞ்சரான டயரை மாற்றிவிடலாம், விடுபட்ட முத்திரைக்காக ஆயிரம் கிலோமீட்டர் திரும்பி ஓட்ட முடியுமா?

அடுத்த சோதனை, எங்கிருந்து தொடங்குவது. தரைவழிப் பயணம் என்று பெயர்தான். மும்பைக்காரருக்கு முதல் கட்டமே கடல். பாகிஸ்தான் பக்கம் அட்டாரி வாசல் 2025 ஏப்ரலில் மூடப்பட்டது. கெய்ரோவிலிருந்து தெற்கே இறங்கும் புகழ்பெற்ற பாதையை 2023 ஏப்ரலில் சூடானில் வெடித்த போர் அறுத்துவிட்டது. ஆகவே நவி மும்பையின் நவாஷேவா துறைமுகத்தில் காரை கன்டெய்னரில் ஏற்றி, கென்யாவின் மொம்பாசாவில் இறக்குவதே புத்திசாலித்தனம். புதிய வழியும் அல்ல. ‘கரஞ்சா’, ‘கம்பாலா’ என்று பெயர் வைத்த பயணிகள் கப்பல்கள் பம்பாய்க்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் இடையே 1970-கள்வரை ஓடிக்கொண்டிருந்தன.

மொம்பாசாவில் இறங்கினால் இன்னொரு லாபம். கென்யா, டான்சானியா, ஜாம்பியா, போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா எல்லாமே நம்மைப்போல இடப்பக்கம் ஓட்டும் நாடுகள். ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கும் இந்தியக் காருக்கு இதைவிட வசதி வேறில்லை. டான்சானியாவும் ஜாம்பியாவும் எல்லையிலேயே தற்காலிக அனுமதி தருகின்றன. தென்கோடி நாடுகள் ஒரே சுங்க ஒன்றியம் என்பதால் உள்ளே நுழைய ஒரு முத்திரை, கடைசியாக வெளியேற ஒரு முத்திரை. கெய்ரோவைக் கைவிட்டால் வங்கி உத்தரவாதமும் இளைக்கும்.

சாகசத்துக்கு பம்பாயில் முன்னோடிகள் உண்டு. 1924-ல் இங்கிருந்து சைக்கிளில் கிளம்பிய ஃப்ராம்ரோஸ் தாவர் என்ற பார்சி இளைஞர் சகாராவையே கடந்தார். 1989-ல் சலூ சௌத்ரி, நீனா சௌத்ரி தம்பதி டெல்லியிலிருந்து கான்டெஸ்ஸா காரில் புறப்பட்டு, ஆப்பிரிக்கா உள்பட ஆறு கண்டங்களைச் சுற்றி 69 நாட்களில் திரும்பினார்கள். உதிரி பாகம் கிடைக்கும் இடங்களுக்கு மட்டும் போகிறவர்கள் கான்டெஸ்ஸாவைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள்!

இன்று அந்தப் பிடிவாதம் தேவையில்லை. ஜிம்னி குர்காவ்னில் தயாராகி தென்னாப்பிரிக்காவுக்குப் போகிறது. மஹிந்திராவுக்கு டர்பனில் அசெம்பிளி ஆலையே உண்டு. நைரோபியிலும் கம்பாலாவிலும் ஆள் ஏற்றிச் செல்லும் பைக்குகளில் ஓசூர் டிவிஎஸ்ஸைப் பார்க்கலாம். ஆனால் புது டீசல் கார் வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்-6 எஞ்சின்களுக்கு கந்தகம் மிகக் குறைந்த டீசல் வேண்டும். நகரம் தாண்டிய பங்குகளில் அது எப்போதும் கிடைக்காது. புகைக் குழாயில் உள்ள வடிகட்டி அடைத்துக்கொண்டால் வண்டி முனகி நின்றுவிடும். பெட்ரோல் காரே மேல். ஃபேன் பெல்ட், ஃபில்டர், ரேடியேட்டர் ஹோஸ் வாங்க குர்லா சி.எஸ்.டி. ரோடு. அவற்றைச் சுருட்டி வைக்கத் தோல் பை தைக்க தாராவி. சந்த் ரோஹிதாஸ் மார்க்கில் கடைகள் வரிசையாக நிற்கின்றன.

சமையல் சாமான் மாட்டுங்காவில். புளிக்காய்ச்சலும் ரசப்பொடியும் அப்பளமும் இருந்தால் ஜாம்பியாவின் எந்த முகாமிலும் சோறு இறங்கும். கடைக்காரர் போட்டுத் தரும் பிளாஸ்டிக் பைகளை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். கென்யா 2017 ஆகஸ்டிலும் டான்சானியா 2019 ஜூனிலும் அவற்றைத் தடை செய்துவிட்டன. துணிப்பையும் எவர்சில்வர் டப்பாவும் போதும். போட்ஸ்வானாவில் கால்நடை நோய்க்காகப் போட்ட வேலிகளில் பச்சை இறைச்சியைப் பறித்துக்கொள்வார்கள். சைவர்களுக்குக் கவலை இல்லை.

மற்ற காகிதங்கள் அவ்வளவு கடினமில்லை. செம்பூர்க்காரர்களுக்கு சர்வதேச ஓட்டுநர் உரிமம் வடாலா ஆர்.டி.ஓ.வில், ஓர் ஆண்டு செல்லும். கடனில் வாங்கிய கார் என்றால் வங்கியின் சம்மதக் கடிதமும் வேண்டும். இந்திய இன்ஷூரன்ஸ் அங்கே செல்லாது. ‘யெல்லோ கார்டு’ என்ற கோமெசா இன்ஷூரன்ஸை வாங்கினால் கென்யா முதல் ஜாம்பியாவரை மூன்றாம் நபர் இழப்பீடு கவலை இல்லை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட வேண்டும், அதுவும் அரசு அங்கீகரித்த மையத்தில். 2016 ஜூலை முதல் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். அது இல்லாமல் அங்கிருந்து திரும்பினால் நம்மூர் விமான நிலையத்திலேயே ஆறு நாள்வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். மலேரியாவை மும்பைக்காரர்கள் ஜலதோஷம்போல நினைப்பது வழக்கம். ஆப்பிரிக்க மலேரியா மூளையைத் தாக்கும் ரகம். தடுப்பு மாத்திரையை டாக்டரிடம் கேட்டே கிளம்ப வேண்டும்.

எல்லாம் கூடி வந்தாலும் பள்ளி நாட்காட்டி காலை வாரும். மும்பைப் பிள்ளைகளுக்கு ஏப்ரல், மே விடுமுறை. கென்யாவில் அப்போதுதான் பெருமழை. மும்பையில் மழை பிடிக்கும் ஜூனில்தான் தெற்கு ஆப்பிரிக்காவில் உலர்காலம் தொடங்குகிறது. காரை மே மாதம் கப்பலேற்றி, ஜூனில் விமானத்தில் போய்ச் சேர்ந்துகொள்வது நல்லது. தென்னாப்பிரிக்க விசாவின் தேதி அதற்குள் காலாவதியாகாமல் கணக்குப் போட வேண்டும்.

பாதை நன்றாகவே இருக்கிறது. டான்சானியாவின் டுன்டுமா எல்லையில் லாரிகள் மைல்கணக்கில் நிற்கும், பொறுமை வேண்டும். ஜாம்பேசி ஆற்றைக் கடக்க கசுங்குலாவில் ஒரு காலத்தில் மிதவைக்காகக் காத்துக்கிடந்தார்கள். 2021 மே மாதம் 923 மீட்டர் பாலம் திறந்தாயிற்று.

கேப் டவுனில் காரை விற்றுவிட்டு விமானம் ஏறலாம் என்ற யோசனை சிலருக்கு வரும். முடியாது. தென்னாப்பிரிக்கா பழைய கார்களை இறக்குமதி செய்யச் சாதாரணமாக விடுவதில்லை. அதோடு கார்னே, அந்த வைப்பு நிதி. ஆகவே திரும்பும் கப்பல் கட்டணத்தையும் ஆரம்பத்திலேயே பட்ஜெட்டில் எழுத வேண்டும். கப்பலேற்ற டர்பன் துறைமுகம் வசதி. 1860-ல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் வந்திறங்கிய கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் வாரிசுகள் வாழும் ஊர். சுங்கத்தில் காகிதம் நகரும்வரை கேட்டோ மேனரில் அம்பலவாணர் கோயிலுக்குப் போய்வரலாம். கன்டெய்னர் பூட்டப்படும் முன் வெளியேறும் முத்திரை விழுந்ததா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ள வேண்டும்.