உங்களுக்குத் தெரியுமா? நாடகம் பார்க்கப் போய் காவலில் அடைபட்ட டாக்டர்

ஜெர்மானியப் பெருங்கவி ஃபிரெடரிக் ஷில்லர் படித்தது மருத்துவம். 1780 டிசம்பரில், 21 வயதில், ஸ்டுட்கார்ட் நகரில் படைப்பிரிவு மருத்துவரானார்.

மாணவராக இருந்தபோதே மறைத்து மறைத்து எழுதிய ‘கொள்ளையர்கள்’ நாடகத்தை அடுத்த ஆண்டு தன் பெயர் போடாமல் சொந்தச் செலவில் அச்சிட்டார். 1782 ஜனவரி 13 அன்று, அப்போது வேறு ஆட்சியின் கீழ் இருந்த மன்ஹைமில் அது மேடையேறியது. எழுதியவரோ விடுப்பு வாங்காமல் எல்லை தாண்டிப் போய்ப் பார்த்தார்! மே மாதம் மறுபடி போனது ஸ்டுட்கார்ட்டை ஆண்ட கோமகன் கார்ல் ஒய்கனின் காதுக்கு எட்டிவிட்டது. 14 நாள் காவல். மருத்துவம் தவிர வேறெதையும் எழுதி வெளியிடக் கூடாது என்ற கட்டளையும் பின்னாலேயே வந்தது. ஒரு கவிஞனுக்கு இதைவிடக் கொடிய தண்டனை உண்டா? செப்டம்பர் 22 இரவு, அரசு விருந்தினரை வரவேற்கும் கொண்டாட்டத்தில் நகரம் மூழ்கியிருக்க, இசைக்கலைஞரான நண்பர் ஸ்ட்ரைக்கருடன் ஊரைவிட்டே தப்பினார்.

பீத்தோவனின் 9-வது சிம்பொனியில் ஒலிக்கும் மகிழ்ச்சிப் பாடல், ஷில்லர் 1785-இல் எழுதிய கவிதைதான். அந்த இசை 1824-இல் அரங்கேறியபோது அவர் இல்லை. 1805-இல், 45 வயதிலேயே மறைந்தார். உடலைப் பரிசோதித்தபோது இடது நுரையீரல் முற்றிலும் சிதைந்திருந்தது. இத்தனை நோயோடுதான், இறப்பதற்கு முந்தைய ஆண்டு ‘வில்ஹெல்ம் டெல்’ நாடகத்தை முடித்திருந்தார்.